இந்தப் பொங்கலுக்கு வேண்டாம், அடுத்த பொங்கலுக்கு

நம் தோட்டத்துக் கோயில் திடலில் கோட்டை அடுப்பு கட்டப் புறப்பட்டிருக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களுக்குத் துணை நிற்கும் ஆலய நிர்வாகத்தாருக்கும்,

உங்கள் வரைபடம் என் கைப்பேசிக்கு வந்தது. எட்டடி நீளம், மூன்றரை அடி அகலம், இரண்டடி உயரம், மூன்று கண். மலை மண்ணையே குழைத்துக் கட்டப் போகிறோம், டீச்சர், வரும் பொங்கலுக்கு அதில்தான் பானை ஏறும் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் கண் நிறைந்துவிட்டது. தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போன பிள்ளைகள், திரும்பி வந்து மண்ணில் அடுப்பு கட்ட நினைத்தீர்களே, அது போதும் எனக்கு. வாடகைக்கு எரிவாயு அடுப்பு எடுத்து வேலையை முடித்துவிடலாம். நீங்கள் அப்படி நினைக்கவில்லை.

ஆனாலும் உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இந்த மடல். இந்தப் பொங்கலுக்குக் கட்டாதீர்கள். ஓர் ஆண்டு தள்ளிப் போடுங்கள்.

காரணம் உங்கள் படத்திலேயே இருக்கிறது. அடுப்பின் வாய், புகை போகும் துளை, பானை உட்காரும் குமிழ் எல்லாவற்றையும் அளவோடு வரைந்திருக்கிறீர்கள். தரைக்குக் கீழே மட்டும் ஒரே ஒரு கோடு. பக்கத்தில், ‘தரையைச் சமன் செய்து நாலு அங்குலம் சிமெண்ட்’ என்ற குறிப்பு. அந்த ஒரு கோடு என்னை இரண்டு இரவு தூங்கவிடவில்லை.

ஏனென்றால் நானும் அதே கோட்டைப் போட்டவள். உங்களில் சிலர் அப்போது மூன்றாம் ஆண்டிலோ நான்காம் ஆண்டிலோ படித்திருப்பீர்கள். பள்ளித் திடலின் ஓரத்தில் பொங்கலுக்கென்று மண் அடுப்பு கட்டினோம். பெற்றோர்கள் கூட்டு உழைப்புக்கு, கோத்தோங்-ரோயோங்குக்கு, வந்தார்கள். ஒரு சனி, ஒரு ஞாயிறு, மறுநாள் திங்கள். மூன்றே நாளில் அடுப்பு எழுந்துவிட்டது. அந்த ஆண்டுப் பொங்கல் நன்றாகவே பொங்கியது. அக்டோபரில் நடுவில் ஒரு கீறல் விழுந்தது. நவம்பரில் அந்தக் கீறலுக்குள் என் விரல் போனது. டிசம்பர் விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் கீழ்ப்பக்கக் கண் தனியாகப் பிரிந்து சாய்ந்து கிடந்தது. மண்ணில் களி அதிகம், வைக்கோல் போதவில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம்.

என் அப்பா தோட்டத்தில் கொத்தனாராக இருந்தவர். அப்போது அவருக்கு வேலை ஓய்ந்து பல வருடம் ஆகியிருந்தது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரு நாள் நீளமான இரும்புக் கம்பி ஒன்றோடு பள்ளிக்கு வந்தார். அடுப்பை அவர் பார்க்கவே இல்லை. அடுப்பின் மேல்பக்கத் தரையில் கம்பியை ஊன்றி அழுத்தினார். ஒரு சாண் இறங்கி நின்றுவிட்டது. நாலடி தள்ளிக் கீழ்ப்பக்கத்தில் ஊன்றினார். முழங்கை ஆழம் இறங்கியது, இன்னும் இறங்கத் தயாராக இருந்தது. கீறல் விழுந்த இடம் இரண்டுக்கும் சரியாக நடுவில். “இது வெட்டின மண்ணு, அது போட்ட மண்ணு. இரண்டு மண்ணு மேலயும் ஒரே பாரத்தைத் தூக்கி வச்சா, ஒண்ணு நிக்கும், ஒண்ணு உக்காரும்” என்றார். வேறெதுவும் பேசவில்லை. திரும்பி நடந்துவிட்டார்.

இந்தக் கேமரன் மலையில் சமதரை என்று நீங்கள் பார்ப்பதெல்லாம் மனிதர் உண்டாக்கியது. தானா ராத்தா என்ற நம் ஊர்ப் பெயருக்கே மலாயில் சமநிலம் என்றுதான் பொருள். அப்படி ஒன்று இருப்பதையே பெயராக வைக்கும் அளவுக்கு இங்கே சமநிலம் அரிது. லயத்து வாசல், பள்ளித் திடல், கோயில் திடல் எல்லாமே சரிவின் மேல்பாதியை வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பாதியில் தள்ளி உண்டாக்கியவை. மேலே புல் முளைத்த பிறகு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். உள்ளே அவை ஒன்றாவதில்லை. வெட்டிய பக்கத்து மண் ஆயிரம் ஆயிரம் ஆண்டுகளாக மேலிருந்த மலையின் பாரத்தைச் சுமந்து இறுகியது. தள்ளிய பக்கத்து மண்ணுக்குள் காற்றறைகள் இருக்கும், தேயிலைக் கட்டை மட்கிக் கிடக்கும். ஒவ்வொரு மழைக்கும் அது கொஞ்சம் அமிழும். பத்து வருடம் கழித்தும் அமிழும்.

ஆகவே முதல் வேலை, ஒரு கம்பி எடுத்துக்கொண்டு கோயில் திடலுக்குப் போங்கள். அடிக்கு ஒரு தடவை குத்திப் பாருங்கள். எங்கே ஒரு சாணுக்குள் நிற்கிறது, எங்கே வெண்ணெயாய் இறங்குகிறது என்று சுண்ணாம்புப் பொடியால் குறியுங்கள். வெட்டு மண்ணும் போட்ட மண்ணும் சேரும் கோடு தெரிந்துவிடும். அடுப்பு முழுவதும் வெட்டு மண்ணின் மேல் உட்கார வேண்டும். ஓர் அடிகூட அந்தப் பக்கம் போகக் கூடாது. நீங்கள் படத்தில் குறித்திருக்கும் இடம், பள்ளத்தாக்கு அழகாகத் தெரிகிற அந்த ஓரம், போட்ட மண் என்பது என் சந்தேகம். அழகுக்காக அங்கே போகாதீர்கள். அதே நேரம் மேல்பக்கத்து வெட்டுச் சுவரை ஒட்டியும் போய்விடாதீர்கள். அந்தச் சுவரிலிருந்து அதன் உயரத்தளவாவது தள்ளி வாருங்கள்.

பாரத்தைப் பற்றிப் பயந்துதான் சிமெண்ட் தளம் என்று எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். உங்கள் அடுப்பில் கண்களின் வெற்றிடத்தைக் கழித்தால் ஏறத்தாழ ஒரு கன மீட்டர் மண் இருக்கும். காய்ந்த பிறகு சுமார் 1,800 கிலோ. மூன்று பெரிய பானையும் தண்ணீரும் சேர்த்து 400 கிலோ. அடியில் ஒன்றரை அடி உயரக் கல்மேடை எழுப்பினால் அது ஒரு மூன்றரை டன்னுக்கு மேல் வரும். எல்லாம் சேர்த்து ஆறு டன் என்று வையுங்கள். மேடையின் பரப்பு ஒன்பதடிக்கு நாலரை அடி. வகுத்துப் பார்த்தால் ஒரு சதுர அடிக்கு 150 கிலோவுக்குள். இனி, 60 கிலோ எடையுள்ள ஒரு பெண் அந்தத் திடலில் நிற்கிறாள். அவளுடைய இரண்டு பாதமும் சேர்ந்து அரைச் சதுர அடிகூட வராது. அவள் பாதத்துக்கு அடியில் சதுர அடிக்குக் கிட்டத்தட்ட 140 கிலோ. உங்கள் அடுப்பு முழுவதும் பூமிக்குத் தருகிற அழுத்தம் ஓர் ஆள் நிற்கிற அழுத்தம்தான். இறுகிய செம்மண் இதைப்போலப் பல மடங்கு தாங்கும்.

எனவே பாரம் நமக்கு எதிரி அல்ல. தண்ணீர்தான் எதிரி. காய்ந்த மண் கல்லுக்குச் சமம். அதே மண் ஈரம் குடித்தால் குழம்பு.

தண்ணீர் மேலிருந்து மட்டும் வருவதில்லை என்பதை மனத்தில் வையுங்கள். கூரை போட்டால் மழையைத் தடுக்கலாம். கீழிருந்து ஏறுவதை என்ன செய்வது? விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது மாதிரி, நுண்ணிய களிமண்ணின் இடுக்குகளில் தண்ணீர் தானாக மேலே ஏறும். ஒரு மீட்டருக்கு மேலும் ஏறும். அடுப்பின் அடிமண் எப்போதும் ஈரமாகவே இருந்தால் இரண்டு கேடு. ஒன்று, அடிப்பகுதி தளர்ந்து, மேலே உள்ள கனத்தால் பிதுங்கும். இன்னொன்று, நீங்கள் தீ மூட்டும்போது உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியே வரத் துடிக்கும்; வழி கிடைக்காத இடத்தில் மண்ணைப் பிளந்துகொண்டு வரும். நன்றாகக் கட்டிய அடுப்பு முதல் தீயிலேயே வெடிப்பதற்குப் பாதிக் காரணம் அடியில் தேங்கிய ஈரம்.

நம் மலையின் மழை ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர். சென்னையில் பெய்வதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சென்னைக்காவது ஆறேழு மாத வெயில் உண்டு. இங்கே முற்றிலும் காய்ந்த மாதம் என்று ஒன்றுமே கிடையாது. ஏப்ரல், மே ஒரு தடவை ஏறும். அக்டோபர், நவம்பர் இன்னொரு தடவை, அதைவிடக் கடுமையாக. உங்கள் படத்தில் இருக்கும் பன்னிரண்டடிக்கு எட்டடித் தகரக் கூரையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் ஓராண்டில் விழும் தண்ணீர் கிட்டத்தட்ட 24,000 லிட்டர். அத்தனையும் கூரையின் விளிம்பிலிருந்து, அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி, ஒரே கோட்டில் கொட்டும். கூரை அடுப்பைக் காப்பாற்றிக்கொண்டே அஸ்திவாரத்தைக் கெடுக்கும். பீலி வைத்து அந்தத் தண்ணீரை வடிகால் கானுக்குக் கொண்டுபோகாவிட்டால் கூரை போட்டும் பயனில்லை.

நம் முன்னோர் இதை அறிந்துதான் மலையைத் திறந்தார்கள். 1885-இல் வில்லியம் கேமரன் இந்த மேட்டு நிலத்தை அளந்து எழுதினார். 1929-இல் ஜே. ஏ. ரசல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இந்தப் பெயர்கள் பலகையில் இருக்கின்றன. கோவேறு கழுதைகளோடும் மண்வெட்டியோடும் காட்டைத் திருத்தி, சரிவில் சுற்றுச் சுற்றாகக் கான் வெட்டி நாற்றை நட்டவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. தேயிலை மழையை விரும்புகிற செடி; ஆனால் வேரில் தண்ணீர் நின்றால் அழுகிப்போகும். அதனால்தான் அதைச் சரிவில் வைக்கிறோம், அதனால்தான் கான். உங்கள் தாத்தா பாட்டி மழையை நிறுத்த முயலவில்லை. எந்த வழியாகப் போக வேண்டும் என்று அதற்குக் காட்டிவிட்டார்கள். அடுப்புக்கும் அதே வேலைதான் செய்யப் போகிறோம்.

மண்ணைப் பற்றி ஒரு நல்ல செய்தி. தித்திவாங்சா மலைத்தொடரின் பெரும்பகுதி கருங்கல். அந்தக் கல் வெயிலிலும் மழையிலும் மட்கும்போது அதிலுள்ள ஒரு பகுதி வெண்களியாகிறது, மட்காத பளிங்குத் துகள் பருமணலாக அதற்குள்ளேயே தங்குகிறது. இரும்பு துருப்பிடித்துச் செந்நிறம் தருகிறது. களியும் மணலும் கலந்தே கிடைக்கிற மண் இது. ஈரத்தில் அதிகம் உப்பாது, காய்ந்தால் அதிகம் சுருங்காது. தமிழ்நாட்டில் கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல்காட்டில் கட்டுகிறவர்களைக் கேளுங்கள். மழைக்கு உப்பி, கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும் மண் அது. அங்கே அஸ்திவாரம் போடுவது மண்ணோடு மல்லுக்கட்டுவது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. இணையத்தில் பார்த்த குளிர்நாட்டுப் படங்களை வைத்து மூன்றடி நாலடி தோண்ட வேண்டுமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். அங்கே தரைக்குள் தண்ணீர் உறைந்து, உறையும்போது விரிந்து, கட்டடத்தையே தூக்கிவிடும். அதனால் உறைபனி எட்டாத ஆழம் வரை போகிறார்கள். நம் மலை எவ்வளவு குளிர்ந்தாலும் தரை உறைவதில்லை. நாம் தோண்டும் ஆழத்தை மேல்மண்ணும் தண்ணீரும் மட்டும் முடிவு செய்யும்.

இனி வேலைக்கு வருகிறேன். இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள்.

மேல்மண் கறுப்பாக, வேரும் சருகும் கலந்து இருக்கும். அது செடிக்கு உரியது, அஸ்திவாரத்துக்கு ஆகாது. அதை முழுவதும் வழித்து எடுத்துத் தனியாகக் குவியுங்கள். பிறகு பூச்செடிக்கு உதவும். கறுப்பு போய் மஞ்சளும் சிவப்புமான இறுகிய மண் தெரியும்வரை வானம் தோண்டுங்கள். ஒன்றரை அடியிலிருந்து இரண்டடிக்குள் வந்துவிடும் என்று நினைக்கிறேன். வராவிட்டால் அந்த இடத்தை விட்டு நகருங்கள். மேடையின் அளவைவிட எல்லாப் பக்கமும் அரையடி கூடுதலாகத் தோண்டுங்கள்.

பலர் தவறும் இடம் அடுத்து வருகிறது. குழி தோண்டிக் கல்லை நிரப்பிவிட்டால் தண்ணீர் வடிந்துவிடும் என்று நினைப்பார்கள். களிமண்ணில் தோண்டிய குழி ஒரு தொட்டி. கல்லின் இடுக்கெல்லாம் தண்ணீர் நிறைந்து, அடுப்பு குளத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். குழிக்கு வெளியே போகும் வழி ஒன்று கட்டாயம் வேண்டும். குழியின் அடித்தரையைச் சரிவாக வெட்டுங்கள்; ஒன்பதடிக்கு இரண்டு அங்குலம் இறங்கினால் போதும். ரசமட்டம் வைத்துப் பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள். தாழ்ந்த மூலையிலிருந்து ஒரு வாய்க்கால் வெட்டி, துளையிட்ட பிளாஸ்டிக் குழாயை அதில் படுக்க வைத்து, அதே சாய்வில் பக்கத்துக் கான்வரை கொண்டுபோங்கள். குழாயின் வெளிமுனை வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். எலி நுழையாமல் அதற்கு ஒரு கம்பிவலை. அந்தத் தண்ணீரைச் சரிவின் ஓரத்தில் விட்டுவிடாதீர்கள், சரிவு அரித்துப்போகும். அடுப்பின் மேல்பக்கம் ஆறேழு அடி தள்ளி, மலையிலிருந்து இறங்கும் தண்ணீரை முன்னதாகவே மறித்துத் திருப்ப, அரைவட்டமாக ஒரு சிறு கான் வெட்டுங்கள். வானம் தோண்டுவதற்கு முன்பே இதை வெட்டிவிடுவது நல்லது.

குழியின் தரையைத் திமிசு போட்டு இடியுங்கள். பக்கங்களில் தண்ணீர் போகும், சேறு போகாத கெட்டித் துணியைச் சுற்றிவிடுங்கள்; இல்லாவிட்டால் இரண்டு மூன்று வருடத்தில் களி உள்ளே வந்து இடுக்கையெல்லாம் அடைத்துவிடும். அடியில் கையளவுக் கற்கள், மேலே வரவர ஒன்றரை அங்குல ஜல்லி. அரையடி போட்டு இடி, மறுபடி அரையடி போட்டு இடி. மணலோ மண்ணோ கலந்த ஜல்லி வேண்டாம். கழுவிய ஜல்லியாக இருக்கட்டும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கும் வெற்றிடத்துக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். திரி அறுந்தால் எண்ணெய் ஏறாது. ஜல்லியின் அகன்ற இடுக்குகளில் தண்ணீரால் சில மில்லிமீட்டருக்கு மேல் ஏற முடியாது.

தரைமட்டம் வந்ததும் கல்மேடை. ஒன்றரை அடி உயரம் வேண்டும். குனிந்து நிமிரும் பெண்களின் இடுப்புக்காக அரையடி கூட்டினாலும் நல்லது. உயரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. மழை தரையில் விழுந்து தெறிக்கும் சேறு முழங்கால்வரை எட்டும். பழைய மண்வீடுகளின் சுவர் சாயும்போது பெரும்பாலும் அந்த முழங்கால் உயரத்தில்தான் அரித்துப்போயிருக்கும். அந்த உயரம் முழுவதும் கல்லாக இருக்கட்டும். வெளிமுகக் கல்லை ஒரு மூட்டின் மேல் அடுத்த மூட்டு வராமல் அடுக்குங்கள். நாலைந்து அடிக்கு ஒரு நீளக்கல் உள்ளே ஆழமாகப் போய் மேடையைக் கட்டிப் பிடிக்கட்டும். சாந்து வைத்துக் கட்டினால் அடிவரிசையில் தண்ணீர் வெளியேறத் துளை விடுங்கள். தோட்டத்தில் பழைய கல்கட்டுகளைப் பாருங்கள். சாலையோரத்துச் சுவர்களில் வரிசையாகக் கண் விட்டிருப்பார்கள். கண் அடைபட்ட சுவர்தான் பிதுங்கும். நம் மேடையின் உள்வயிறு முழுவதும் ஜல்லி.

மேடைக்கு ஆற்றுக்கல் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அடியில் போடலாம், அதுவும் அனுமதி கேட்டு எடுத்தால். தீ படும் இடத்தில் ஆற்றுக்கல் கூடவே கூடாது. அதற்குள் தண்ணீர் ஊறியிருக்கும். சூட்டில் வெடித்துத் தெறிக்கும். குழந்தைகள் சுற்றி நிற்கும் அடுப்பு இது. தீத்தரைக்கும் கண்ணின் உள்முகத்துக்கும் நன்றாகச் சுட்ட செங்கல் வையுங்கள், அதற்குக் கீழே அரையடி மணல்.

ஈரம் தடுக்க பிளாஸ்டிக் விரிப்பு பற்றியும் ஒருவர் எழுதியிருந்தார். இதற்கு நல்ல முன்னுதாரணம் உண்டு. வங்காளதேசத்தில் தினாஜ்பூர் மாவட்டம் ருத்ராபூர் என்ற கிராமத்தில் 2005, 2006-இல் மண்ணாலும் மூங்கிலாலும் ஒரு பள்ளி கட்டினார்கள். அன்னா ஹெரிங்கர், ஐக்கே ரோஸ்வாக் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் ஊர்மக்களோடு சேர்ந்து செய்த வேலை. 2007-இல் ஆகா கான் விருது பெற்றது. அந்தப் பக்கத்தில் மண்வீடுகள் அஸ்திவாரமே இல்லாமல் எழும், சில வருடங்களில் அடி அரித்துப்போகும். மண் சேர்மானம் ஊருக்குத் தெரிந்ததுதான். ஹெரிங்கர் குழு புதிதாகச் சேர்த்ததில் முக்கியமானது அடியில் இருந்தது: அரை மீட்டர் ஆழத்துக்குச் செங்கல் அஸ்திவாரம், அதன்மேல் கடையில் கிடைக்கும் சாதாரண பிளாஸ்டிக் விரிப்பு இரண்டு மடிப்பு. அவ்வளவுதான். அது வகுப்பறை, நம்முடையது அடுப்பு. தீயின் கீழே பிளாஸ்டிக் உருகும். ஆகவே நமக்கு ஜல்லியின் வெற்றிடமே விரிப்பு.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று நம் மலையில் கொழுந்து பறிப்பவர்களில் வங்காளதேசத்துப் பிள்ளைகள் பலர். மண்ணை மேடாக உயர்த்தி அதன்மேல் வீடு கட்டி, மழை முடிந்ததும் அந்த மேட்டைத் திரும்ப மெழுகி வைக்கும் ஊர்களிலிருந்து வந்தவர்கள். அவர்களைக் கூப்பிடுங்கள். கூலிக்கு அல்ல, கூடக் கட்டுவதற்கு. மலையின் பழங்குடியான செமாய் மக்களின் வீட்டையும் ஒரு தடவை போய்ப் பாருங்கள். தரையிலிருந்து உயர்த்திய மூங்கில் தளம், அதன்மேல் மரச்சட்டத்துக்குள் மண்ணை நிரப்பி அடுப்பு. மழைமண்ணோடு அடுப்புமண் தொடவே தொடாது. நாம் இரண்டடி தோண்டிக் கல் போட்டுச் செய்வதை அவர்கள் நாலு மூங்கில் காலால் செய்துவிடுகிறார்கள்.

சிமெண்ட் தளமே வேண்டாமா என்று கேட்பீர்கள். சிமெண்டின் மேல் எனக்கு விரோதமில்லை. ஆரோவில்லில் 1989 முதல் மண் கட்டடக்கலையை வளர்த்துவரும் மண் ஆய்வு நிறுவனத்தாரே, அஸ்திவாரத்துக்கு இடித்து இறுக்கும் மண்ணில் நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்ட் சேர்க்கிறார்கள். சிமெண்ட் எங்கே உட்காருகிறது என்பதுதான் கேள்வி. வடிகால் இல்லாத தரைமேல் நாலு அங்குலத் தளம் போட்டால் அது ஒரு தாம்பாளம். பக்கத்துத் தண்ணீர் அதன் மேல் தேங்கும். பாதி வெட்டு மண்ணிலும் பாதி போட்ட மண்ணிலும் போட்டால் அதுவும் நடுவில் ஒடியும், மேலே இருக்கும் அடுப்பையும் ஒடிக்கும். நான் அன்று போட்டது அந்தத் தளம்தான். ஜல்லி வடிகால் ஒழுங்காக இருந்து, கல்மேடைக்கு மேல் இரண்டு அங்குலச் சமன் பூச்சாக வந்தால் சிமெண்ட் நல்லதே செய்யும். மண் அடுப்பின் வெளிமுகத்தில் மட்டும் அதைப் பூசாதீர்கள். மண்ணுக்கு மூச்சு வேண்டும். உள்ளே போன ஈரம் வெளியே வர முடியாமல் பூச்சுக்குப் பின்னால் தங்கி, ஒரு நாள் பூச்சு மண்ணையும் உரித்துக்கொண்டு விழும். களிமண்ணும் மணலும் நீற்றிய சுண்ணாம்பும் போதும். வருடத்துக்கு ஒரு தடவை போகிக்கு மெழுகுங்கள்.

கூரைக் கால்களை அடுப்பு மேடையில் ஊன்றாதீர்கள். காற்றடித்தால் கூரை ஆடும். அந்த ஆட்டம் அடுப்புக்கு வரக் கூடாது. கால்களுக்குத் தனிக் குழி.

ஓராண்டு ஏன் என்று இப்போது சொல்லலாம். இப்போது நவம்பர், தோண்டினால் குழியில் தண்ணீர்தான் நிற்கும். டிசம்பரில் குழைத்த மண் சனவரிக்குள் காயாது. ஈரப் பானையைச் சூளையில் வைக்கும் குயவர் எங்கேயாவது உண்டா? நான் கேட்பது இதுதான். சீனப் பெருநாள் விடுமுறைக்கு எல்லாரும் ஊருக்கு வருவீர்கள். சனவரி பிற்பாதியும் பிப்ரவரியும் நம் மலையில் மழை குறைந்த நாட்கள். அப்போது வானம் தோண்டுவோம். மார்ச்சுக்குள் வடிகாலும் கல்மேடையும் முடியட்டும். பிறகு கையை எடுத்துவிடுங்கள். ஏப்ரல், மே மழை முழுவதும் அந்த வெறும் மேடைமேல் பெய்யட்டும். கல்மேடை எந்த மூலையாவது இறங்குகிறதா, குழாய் முனையில் தண்ணீர் வருகிறதா, வருவது தெளிவா கலங்கலா என்று பாருங்கள். கலங்கலாக வந்தால் மண் உள்ளே அரிக்கிறது. பிரித்துச் சரிசெய்யலாம், அப்போது மேலே அடுப்பு இருக்காது. ஜூன், ஜூலையில் மழை மறுபடி தணியும். கூரையை முதலில் போட்டு, அதன் கீழே மண் அடுப்பை எழுப்புவோம். ஆகஸ்ட் முழுவதும் நிழலில் காயட்டும். செப்டம்பரில் சுள்ளித் தீ, பிறகு விறகுத் தீ. தீபாவளிக்குச் சின்னப் பானை. அடுத்த பொங்கலுக்கு மூன்று கண்ணிலும் பெரிய பானை.

ஓர் அடுப்புக்கு இவ்வளவா என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும். இந்த மலையில் அவசரமாக வெட்டிய சரிவும், வழி மறிக்கப்பட்ட தண்ணீரும் என்ன செய்யும் என்று நாம் பார்த்திருக்கிறோம். 2013 அக்டோபரில் ரிங்லெட் அணையைத் திறந்தபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் புகுந்த வெள்ளத்தையும், மறு ஆண்டு நவம்பரில் வந்த சேற்று வெள்ளத்தையும் உங்கள் அம்மாக்கள் மறக்கவில்லை. 2024 சனவரியில் புளூ வேலியில் மண் சரிந்து மியன்மாரிலிருந்து வந்த ஐந்து தொழிலாளர்கள் புதையுண்டார்கள். அவற்றையெல்லாம் ஓர் அடுப்போடு ஒப்பிடவில்லை. ஆனால் இந்த மண்ணில் ஒரு மண்வெட்டி இறக்குகிற யாரும் தண்ணீரை முதலில் கேட்டுவிட்டு இறக்க வேண்டும் என்று நான் மனதார நம்புகிறேன். நீங்கள் இளையவர்கள். நாளைக்கு உங்களில் ஒருவர் வீடு கட்டுவார், ஒருவர் பள்ளிக்குச் சுவர் எழுப்புவார். இந்த எட்டடி அடுப்பில் கை பழகட்டும்.

ஆலய நிர்வாகத்தாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஐயா, இந்தப் பொங்கலுக்குப் பிள்ளைகள் ஏமாந்துபோகாமல், திடலில் மூன்று கல் கூட்டி எப்போதும்போலப் பொங்க இடம் கொடுங்கள். பழைய சமையல்கட்டை இடித்தபோது கிடந்த கருங்கல் குவியல் இன்னும் பின்பக்கம் இருக்கும் என்று நினைக்கிறேன். அதை விற்றுவிடாதீர்கள். அவற்றில் சில என் அப்பா கையால் உடைத்தவை. உளி பட்ட தடம் இருக்கும், பார்த்தால் தெரிந்துவிடும். அவை மேடையின் வெளிமுகத்துக்கு வரட்டும்.

சீனப் பெருநாளுக்கு அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு நான் திடலில் இருப்பேன். அப்பாவின் ரசமட்டமும் தூக்குக்குண்டும் என்னிடம் இருக்கின்றன, கொண்டு வருகிறேன். நீங்கள் கடப்பாரை, மண்வெட்டி, பத்து சாக்கு, ஓர் இரும்புக் கம்பி கொண்டு வாருங்கள். குழாயைப் புதைத்து மூடுவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கும். ஒருவர் மேல் முனையில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றுங்கள். கீழ் முனையில், கானுக்குப் பக்கத்தில், நான் உட்கார்ந்திருப்பேன். தண்ணீர் வந்ததும் கையைத் தூக்குகிறேன். அதைப் பார்த்த பிறகு மூடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
தானா ராத்தா